மைதானத்தில் பெண்ணைத் திட்டும் சொல்: மஞ்சளா, சிவப்பா?

ஞாயிறு ரெஃப்ரி

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூர் பக்கம் ஒரு டர்ஃபில் ஞாயிறுதோறும் ஃபைவ்ஸ், அதாவது அணிக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து லீக் நடத்துகிறோம். அதற்கு விதி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இப்போதுள்ள விதி எளிது. சாதி, நிறம், மதம் இவற்றைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்தினால் நேராகச் சிவப்பு அட்டை, கூடவே இரண்டு ஆட்டம் வெளியே. மற்ற கெட்ட வார்த்தைகளுக்கு மஞ்சள். இந்த இரண்டு தட்டு ஏற்பாடு பிரச்சினை இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த சீசனில் கலப்பு அணிகள் வந்தன. ஒவ்வொரு அணியிலும் குறைந்தது இரண்டு பெண்கள் ஆட வேண்டும்.

போன வாரம் ஒரு ஆட்டம். கோல் கிக் எடுக்க வேண்டிய கீப்பர் பெண்ணுக்கு ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. க்ளவுஸைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்து கட்டினார். எதிரணி ஃபார்வர்டு ஒரு கோல் பின்தங்கிய அவசரத்தில், "ஏய் பஜாரி, பந்தைப் போடு" என்றான். அவர் நிமிரவே இல்லை, இரண்டாவது முடிச்சையும் போட்டார். அடுத்து வந்தது 'தே'யில் தொடங்கும் சொல். நடுவராக நின்றவர் விதிப்படி மஞ்சள் காட்டினார். கமிட்டியில் மூன்று பேர் அதுதான் சரி என்கிறார்கள், இரண்டு பேர் சிவப்பு என்கிறார்கள். பெண்ணைத் திட்டும் இந்த வழக்கமான சொற்கள் எல்லாம் இழிசொல் தட்டா, வெறும் கெட்ட வார்த்தைத் தட்டா? நீங்கள் சொல்லுங்கள்.

ஓட்டேரி நரி

மஞ்சள்தான் சரி. ஒருவன் எந்தக் கூட்டத்தில் பிறந்தானோ அதை வைத்து அவனைத் தாழ்த்துவதுதான் இழிசொல். அவன் தலைகீழாக நின்றாலும் அதிலிருந்து வெளியே வர முடியாது. 'தே' வார்த்தை நடத்தையைச் சொல்லித் திட்டுவது. திருடன், பொறுக்கி என்பதும் அந்த வகைதானே. அசிங்கமான வார்த்தை, மறுக்கவில்லை. ஆனால் அதையும் சாதி வசவையும் ஒன்றாக வைத்தால் சாதி வசவின் கனம்தான் குறையும். அப்புறம், நம் ஏரியாவில் வாய்க்கெல்லாம் சிவப்பு காட்ட ஆரம்பித்தால் பத்தாவது நிமிடத்தில் மைதானத்தில் ரெஃப்ரி மட்டும்தான் மிஞ்சுவார்.

கீப்பர் அக்கா

அந்த ஆட்டத்தில் நான் இல்லை. ஆனால் அதே டர்ஃபில் கோலில் நிற்கிறவள். நரி தம்பி, நடத்தை என்கிறீர்களே, எந்த நடத்தை? லேஸ் கட்டியதா?

ஷேர் ஆட்டோவில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் என்றதற்கு அந்தச் சொல்லை வாங்கியிருக்கிறேன். மீதிச் சில்லறை கேட்டதற்கு வாங்கியிருக்கிறேன். ஒரு பெனால்டியைப் பிடித்ததற்கும் வாங்கியிருக்கிறேன். இதில் எதிலாவது என் ஒழுக்கம் பேச்சுக்கு வருகிறதா? திருடன் என்று சொல்ல வேண்டுமானால் ஏதாவது காணாமல் போயிருக்க வேண்டும். இந்தச் சொல்லுக்கு ஒன்றுமே நடந்திருக்க வேண்டாம். எதிரே நிற்பது பெண், அவள் வழிவிடவில்லை, அவ்வளவு போதும். அதே லேஸை ஆண் கீப்பர் கட்டியிருந்தால்? "டேய், சீக்கிரம்டா." மிஞ்சிப்போனால் "சோம்பேறி நாயே". நாய்க்கு மஞ்சள் கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஓட்டேரி நரி

அக்கா, ஆணுக்கும் அதே வார்த்தைதான் விழுகிறது, பின்னால் 'மகனே' சேர்த்து. நான் தினம் வாங்குகிறேன்.

கீப்பர் அக்கா

வாங்குவது நீங்கள். அதில் திட்டு வாங்குவது உங்கள் அம்மா. அவர் ஆட்டம் பார்க்கக்கூட வரவில்லை.

இடது விங்

இந்த இடத்தில் கால்பந்து ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழக்கு இருக்கிறது. 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பிரான்சின் ஜிடான் இத்தாலியின் மெட்டராஸியை மார்பில் தலையால் முட்டினார், சிவப்பு. மெட்டராஸி அவருடைய சகோதரியை இழுத்துப் பேசினார் என்பது பிற்பாடு வெளிவந்தது. ஃபிஃபா விசாரித்து ஜிடானுக்கு மூன்று ஆட்டத் தடையும் 7,500 சுவிஸ் ஃப்ராங்க் அபராதமும் போட்டது. மெட்டராஸிக்கு இரண்டு ஆட்டம், 5,000 ஃப்ராங்க். அந்த விசாரணையில் எல்லோரும் துருவிக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இனவெறிப் பேச்சா, இல்லையா? அவதூறுதான், இனவெறி இல்லை என்று இரண்டு ஆட்டக்காரர்களுமே சொன்னதும் விஷயம் முடிந்தது. நம் கமிட்டியின் இரண்டு தட்டு அன்றைக்கு ஃபிஃபாவிடமும் இருந்தது. சகோதரி கீழ்த்தட்டில்.

நரிக்கு இது சாதகமாகத் தெரியலாம், அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஃபிஃபாவின் இப்போதைய ஒழுங்கு விதியில் பாகுபாடு பற்றிய பிரிவைப் படித்தால் இனம், நிறம் என்று போகிற அதே வரிசையில் பாலினமும் இருக்கிறது. ஆட்டக்காரர் அந்தக் குற்றம் செய்தால் குறைந்தது பத்து ஆட்டம் தடை. இனத்துக்குத் தனி, பாலினத்துக்குத் தனி என்று பிரிக்கவில்லை. நம் லீக் இரண்டு ஆட்டத்துக்கே யோசிக்கிறது!

பழைய சட்டப்புத்தகம்

நான் விளையாடுகிற ஆள் இல்லை, கோர்ட்டில் குமாஸ்தா வேலை பார்த்தவன். சட்டம் எப்படிப் பிரிக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பொது இடத்தில் ஆபாசமாகப் பேசி மற்றவருக்குத் தொல்லை கொடுப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. மூன்று மாதம் வரை. ஒரு பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு பேசுவது பழைய 509, இப்போது 79. மூன்று ஆண்டு வரை. ஆக, பெண்ணைக் குறிவைத்த பேச்சைச் சட்டமே பொதுவான கெட்ட வார்த்தையிலிருந்து பிரித்து மேலே வைத்திருக்கிறது. பட்டியல் சாதியினரைப் பலர் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. அது இன்னும் மேலே. நரி தம்பி சொல்லும் கன வித்தியாசம் சட்டத்திலும் உண்டு, ஆனால் இரண்டு தட்டு இல்லை, மூன்று.

79இல் எனக்கு ஒரு குறை உண்டு. அது 'மானம்' என்பதைப் பிடித்துத் தொங்குகிறது. அந்தப் பெண்ணுக்கு மானம் என்று எதைச் சொல்வது என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டே இருப்பார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. வேசி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைத் தீர்ப்பில் எழுதாதீர்கள் என்றது. அதோடு, 'கற்புள்ள பெண்' என்றும் எழுத வேண்டாம், 'பெண்' என்று எழுதினால் போதும் என்றது. திட்டும் சொல்லோடு பாராட்டும் சொல்லையும் சேர்த்து எடுத்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

மணலி எக்ஸ்பிரஸ்

இந்த இழையில் யாரும் தொடாத விஷயத்தைத் தொடுகிறேன். சென்னையின் தேசிய கீதமான அந்த 'ஓ' வார்த்தை. அதற்கும் சிவப்பா? பந்து போஸ்டில் பட்டால் அது, கோல் விழுந்தால் அது, தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தால் அது. யாரையும் குறித்துச் சொல்வதில்லை, கமா போடுகிற மாதிரி வாயில் வந்துவிடுகிறது. உச்ச நீதிமன்றமே 2024 மார்ச்சில் ஒரு வெப் சீரிஸ் வழக்கில், கெட்ட வார்த்தை இருப்பதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்று சொல்லிவிட்டது.

சும்மா ஒரு ஆதங்கம்: பெண்ணை இழுக்காமல் திட்டுவதற்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்? கஸ்மாலம், பேமானி, சோமாரி, கயிதே, டுபாக்கூர். கஸ்மாலம் கீதையிலேயே இருக்கிறது, இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணர் அர்ச்சுனனைப் பார்த்து அந்த வார்த்தையைப் போடுகிறார். இத்தனையும் கைவசம் இருக்க, நம் பையன்கள் ஏன் நேராக அம்மாவிடமே போய் நிற்கிறார்களோ.

இடது விங்

யாரையும் குறித்துச் சொல்வதில்லை என்ற வாதத்தை மெக்சிகோவும் சொன்னது. எதிரணி கீப்பர் கோல் கிக் எடுக்கும்போது அவர்கள் ரசிகர்கள் ஒரு ஒற்றைச் சொல்லைக் கோரஸாகக் கத்துவார்கள். ஓரினச் சேர்க்கையாளரை இழிவாகச் சொல்லும் தெருச்சொல். 2014 உலகக் கோப்பையில் ஃபிஃபா விசாரித்து, இந்தச் சூழலில் இது அவமதிப்பாகாது என்று விட்டுவிட்டது. அப்புறம் கொஞ்ச நாளில் அதே முழக்கத்துக்கு அபராதத்துக்கு மேல் அபராதம். 2021இல் ரசிகர்களே இல்லாமல் ஆட வேண்டிய தண்டனையும் வந்தது. சொல் மாறவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பொறுத்தது போதும் என்று முடிவு செய்தார்கள்.

ஆனாலும் மணலி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. போஸ்டைப் பார்த்துச் சொல்வதும் ஆளைப் பார்த்துச் சொல்வதும் ஒன்றில்லை.

பெரம்பூர் டீச்சர்

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சொல்லையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு எந்தத் தட்டு என்று கேட்டால் பதில் கிடைக்காது.

முண்டை, அறுதலி, மலடி. இவை எதைக் குற்றமாகச் சொல்கின்றன? புருஷன் செத்துப்போனது, பிள்ளை பிறக்காதது. இதில் அவள் செய்தது என்ன? எதுவுமே செய்யாமல், தன் நிலை காரணமாக மட்டும் திட்டு வாங்குகிறாள். நரி சொன்ன இலக்கணப்படியே இவை இழிசொல். மனைவியை இழந்த ஆணை அதைச் சொல்லி யாராவது திட்டிக் கேட்டிருக்கிறீர்களா?

'தே' வார்த்தையை நடத்தையைக் குறிக்கும் சொல் என்கிறார் நரி. அதுவும் இல்லை. அது ஒரு சமூகத்துப் பெண்களைக் குறித்த பெயர். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி வழக்கத்தை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி இதே சென்னையின் சட்ட மேலவையில் போராடினார். தாய்வழியில் அவருக்கே அந்தச் சமூகத்தோடு உறவு உண்டு. அந்த வாழ்க்கையிலிருந்து வெளியேறி வந்த சிறுமிகளுக்காகத் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். 1947இல் சட்டம் வந்து அந்த வழக்கம் ஒழிந்தது. பெயர் மட்டும் வசவாக எல்லோர் வாயிலும் தங்கிவிட்டது. பிறந்த கூட்டத்தை வைத்துத் தாழ்த்துவதுதான் இழிசொல் என்றால், இதைவிடக் கச்சிதமான உதாரணம் எங்கே கிடைக்கும்? கத்துகிற பையனுக்கு வரலாறு தெரியாது என்பீர்கள். சரி. பட்டியல் சாதியினர் குடியிருப்பைக் 'காலனி' என்று ஏளனமாகச் சொல்கிறவனுக்கு மட்டும் வரலாறு தெரியுமா? அது வசைச்சொல்லாகிவிட்டது என்றுதானே 2025இல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

பஜாரி, வாயாடி, அடங்காப்பிடாரி மூன்றாவது ரகம். குரலை உயர்த்தாதே என்று சொல்லும் சொற்கள். எரிச்சல்தான், ஆனால் இவற்றை நான் மஞ்சளோடு விட்டுவிடுவேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் என்னை வாயாடி என்பார்கள், நான் அதைக் கல்வித்தகுதியில் சேர்த்துக்கொண்டேன்.

கடைசியாக, "பெண்களே பெண்களைத் திட்டுகிறார்களே" என்று யாராவது வரும் முன் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் லாரி வந்தால் எங்கள் தெருவிலும் குடத்துக்குக் குடம் முண்டை பறக்கும். எதிரே நிற்பவளைச் சட்டென்று கீழே தள்ள எந்தச் சொல் உதவும் என்று எல்லோருக்கும் தெரியும், பெண்ணுக்கும் தெரியும். சொன்னது பெண் வாய் என்பதால் வாங்கியவளுக்கு வலி குறையவில்லை. அம்மா மகளை "மூதேவி, எழுந்திரு" என்று காலையில் எழுப்புவது வேறு கணக்கு. அதை மைதானத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

ஓட்டேரி நரி

டீச்சர், முண்டை விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். 'தே' விஷயத்தில் பாதி. இன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்கிற நூறு பேரில் யார் மனத்தில் ஒரு சமூகம் இருக்கிறது? சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறவன் தெரிந்தேதான் சொல்கிறான். அவனுக்கும் இவனுக்கும் ஒரே தண்டனை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நம்பர் 7

பொதுவாக இங்கே படிப்பதோடு சரி. இன்று எழுதுகிறேன்.

சாதி வசவின் கனம் குறைந்துவிடும் என்று நரி அண்ணன் கவலைப்படுகிறார். என் காதில் இரண்டும் தனித்தனியாக வந்ததில்லை. சாதிப் பெயர் முன்னால், 'தே' பின்னால், ஒரே மூச்சில் வரும். முன்பாதிக்குச் சிவப்பு, பின்பாதிக்கு மஞ்சள் என்று நீங்கள் எழுதி வைத்தால் திட்டுகிறவன் முன்பாதியை விழுங்கிக்கொண்டு பின்பாதியை மட்டும் சொல்வான். எனக்கு இரண்டும் கேட்கும், ரெஃப்ரிக்கு மஞ்சள் மட்டும் தெரியும். இது நடக்கப்போகிற விஷயம் இல்லை. உங்கள் விதி வந்ததிலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

ஓட்டேரி நரி

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடையாறு பெஞ்ச்

நான் தென்சென்னை, எங்கள் லீக் பணக்கார லீக் என்று நீங்கள் கிண்டல் செய்வீர்கள், பரவாயில்லை. அங்கே யாரும் 'தே' சொல்வதில்லை. ஒரு கோச், தமிழில் ஒரு கெட்ட வார்த்தை பேசிக் கேட்டதில்லை. எதிரணிப் பெண் ஒருத்தி டாட்டூ போட்டிருந்தாள். ஆட்டம் முடிந்து கை குலுக்கும் நேரத்தில் தன் அணிப் பெண்களிடம் இவர் சொன்னார்: "அந்த மாதிரிப் பெண்களோடு பார்க்கிங்கில் நின்று பேச வேண்டாம், குடும்பத்துப் பிள்ளைகள் நீங்கள்." அவளுக்குக் கேட்கும் தூரத்தில், புன்சிரிப்போடு.

சொல்லிவிட்டார், இல்லையா? அதே 'தே'தான், இஸ்திரி போட்டுச் சொன்னார். நீங்கள் சொற்பட்டியல் போட்டால் வியாசர்பாடிப் பையன் மாட்டுவான், இவர் மாட்டமாட்டார். "கேரக்டர் சரியில்லை" என்பதில் எந்த வார்த்தையை மியூட் செய்வீர்கள்?

மணலி எக்ஸ்பிரஸ்

அப்படிப் போடுங்கள். இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் கஸ்மாலத்தில் போய் நின்றேன். எங்கள் பேச்சே அசிங்கம் என்று ஏற்கெனவே ஊரே சொல்கிறது. பட்டியல் போட்டால் அது எங்கள் வாய்க்கு மட்டும் போட்ட பூட்டாகும்.

கீப்பர் அக்கா

பெஞ்ச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வலையோரம் "உங்க வீட்ல இதுக்கெல்லாம் விடுறாங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். 'தே'க்காவது திரும்பிப் பார்த்து முறைக்கலாம். இதற்கு முறைத்தால் நான்தான் ராங்கி.

ஆனால் மணலி தம்பி, பூட்டு உங்கள் வாய்க்கு மட்டும் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். பட்டியல் வேண்டாம் என்பது வேறு, விதியே வேண்டாம் என்பது வேறு.

ஞாயிறு ரெஃப்ரி

படித்தேன், எல்லாவற்றையும். கமிட்டிக்கு இப்படி எழுதித் தரப் போகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

"ஒருவரைப் பெண் என்பதை வைத்தோ, அவர் வீட்டுப் பெண்ணை இழுத்தோ, ஓர் ஆணைப் 'பொட்டை', 'பொம்பளை' என்று சொல்லியோ இழிவுபடுத்தினால் சிவப்பு, இரண்டு ஆட்டம். எந்தச் சொல் என்பது கணக்கில்லை. நடுவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது: இதே செயலை ஓர் ஆண் செய்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா? ஆளைக் குறிக்காமல் வாய்தவறி வரும் கெட்ட வார்த்தைக்கு நடுவர் விருப்பப்படி எச்சரிக்கை. சாதி வசவுக்குச் சிவப்பு, நான்கு ஆட்டம்."

நான்கு என்று ஏற்றியது நரி சொன்ன கனத்துக்காக. நம்பர் 7 சொன்னதற்காக ஒரு வரி: இரண்டும் சேர்ந்து வந்தால் தண்டனையும் சேரும்.

ஓட்டேரி நரி

கேள்வி நல்ல கேள்வி, ஆனால் ரெஃப்ரிக்கு அதை யோசிக்க இரண்டு விநாடிதான் கிடைக்கும். 'வீட்டுப் பெண்ணை இழுத்து' என்ற வரியை மட்டும் நான் கடைசி வரை எதிர்ப்பேன். அது நின்றால் எங்கள் அணியில் முதல் வாரமே மூன்று பேர் இல்லை.

இடது விங்

ஹேண்ட் பாலா இல்லையா என்பதையும் அந்த இரண்டு விநாடியில்தான் முடிவு செய்கிறார். பழகிவிடும். கால்பந்தின் 12ஆம் விதியைப் பார்த்தால் அவமதிக்கும் பேச்சு எதுவானாலும் சிவப்புதான், நரி. நாம்தான் மஞ்சளாக இறக்கி வைத்திருக்கிறோம்.

பெரம்பூர் டீச்சர்

அந்த வரி நிற்கட்டும். முதல் இரண்டு வாரம் மஞ்சள், அப்புறம் சிவப்பு என்று அவகாசம் வேண்டுமானால் கொடுங்கள். எட்டாம் வகுப்புக்கே நான் அவ்வளவுதான் கொடுப்பேன்.

நம்பர் 7

ஒரு சந்தேகம். ஆட்டக்காரர்களுக்கு அட்டை சரி. மைக்கில் கமென்ட்ரி சொல்பவரை என்ன செய்வது? பெண் யாராவது பந்தை எடுத்தாலே "பார்த்துப்பா, லேடீஸ், மெதுவா" என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார்.

ஞாயிறு ரெஃப்ரி

அவர் டர்ஃப்காரர் வைத்த ஆள், அட்டை செல்லாது. மைக் வயரைப் பிடுங்கலாமா என்று கமிட்டியில் கேட்டுப் பார்க்கிறேன்.

கீப்பர் அக்கா

பிடுங்க வேண்டாம், ஸ்கோர் சொல்ல ஆள் வேண்டும். விதித்தாளில் ஒரு காப்பி அவர் கையிலும் கொடுங்கள். வலைக்கு வெளியே நிற்கிறவர்கள் கத்தினால் எந்த அணிக்காகக் கத்தினார்களோ அந்த கேப்டன் பொறுப்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது இன்னும் எழுதப்படவில்லை.